ஃப்ரேம் போட்ட பிரிண்ட் நெளிஞ்சு போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

அப்பாவோட கைகளை மட்டும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு, நான் எடுத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதை 308 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை) காட்டன் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் பண்ணக் கொடுத்தேன். கைக்கு வந்தப்போ தட்டையா அழகா இருந்துச்சு. மழை ஆரம்பிச்சு மூணு வாரத்துல அலை அலையா நெளிஞ்சிடுச்சு. நேரா நின்னா தெரியல, ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழும்போது விரல்களுக்குக் குறுக்கால நிழல் ஓடுது. அன்னைக்கு மனசே சரியில்ல.

பிரிச்சுப் பார்த்தா நாலு பக்கமும் இடைவெளியே விடாம டேப் போட்டு அட்டையோட இறுக்கி ஒட்டியிருக்காங்க. பேப்பர் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து விரியும், காய்ஞ்சா சுருங்கும், எவ்வளவு ஒசத்தி பேப்பரா இருந்தாலும் அப்படித்தான். நாலு ஓரத்தையும் பிடிச்சு வெச்சுட்டா விரியறது எங்க போகும், நடுவுலதான் உப்பும்.

டேப்பை பொறுமையா உரிக்கவே ஒரு மத்தியானம் போச்சு, நல்லவேளை வெள்ளை பார்டர் அகலமா விட்டிருந்தேன், பிசின் கறை அதோட நின்னுடுச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் ஆசிட் இல்லாத பேப்பர் வெச்சு மேல கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டேன். திரும்ப மாட்டும்போது மேல் ஓரத்துல ரெண்டே இடத்துல ஜப்பான் டிஷ்யூ பேப்பரை கோதுமை ஸ்டார்ச் பசையில ஒட்டித் தொங்கவிட்டேன், கீழயும் பக்கவாட்டுலயும் ஒண்ணுமே ஒட்டல. பசை தண்ணி பட்டா இளகிடும், பின்னாடி எப்ப வேணா பிரிச்சுக்கலாம். முன்னாடி ஜன்னல் மாதிரி வெட்டின அட்டை, அதாவது மேட், பிரிண்ட் ஓரத்தை 5 மிமீ மூடிப் பிடிக்குது, கண்ணாடியும் பிரிண்ட்டைத் தொடாது. இப்போ ரெண்டாவது மழைக்காலமும் போயிடுச்சு, நிழல் இல்ல.

*

அண்ணா, எனக்கு ஆனது வேற. மேட் இல்லாம க்ளாஸி பிரிண்ட்டை நேரா கண்ணாடியோட சேர்த்து வெச்சுட்டேன், ஈரத்துல மேல்பரப்பு இளகி கண்ணாடியிலயே ஒட்டிக்கிச்சு. பிரிக்கப் பார்த்தா படத்துல வானம் இருந்த இடத்துல ஒரு துண்டு இங்க் கண்ணாடியோட வந்துடுச்சு, அந்தப் படத்தைக் காப்பாத்த முடியல. மேட் வேண்டாம்னா ஃப்ரேம் ஓரத்துக்குள்ள கண்ணாடியைத் தள்ளி நிறுத்தற பட்டை, ஸ்பேசராவது வைங்க. பிரிண்ட் எடுத்த அன்னைக்கே மூடிடாதீங்க, ஒரு நாளாவது திறந்து காய விடுங்க, இல்லாட்டி கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி படியுது.

*

சின்ன சைஸுக்கு மேல சொன்ன மாதிரி தொங்கவிடறதுதான் சரி, நானும் அப்படித்தான் பண்றேன். ஆனா 40க்கு 60 இன்ச் பிரிண்ட் தொங்கவிட்டா தன் எடையிலயே லேசா அலை விடுது, அதுக்கு முழுசா ஒட்டித்தான் ஆகணும். நான் முதல்ல 5 மிமீ ஃபோம் போர்டுல ஒட்டினேன், ஒரு பக்கம் மட்டும் பேப்பர் இழுக்கறதால போர்டே வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. அடுத்த தடவை பின்பக்கமும் அதே மாதிரி ஒரு வெறும் பேப்பர் ஒட்டினேன், ரெண்டு பக்க இழுப்பும் சமமாகி நேரா நின்னுச்சு. இப்போ பெரிய சைஸ்னா அலுமினியம் காம்போசிட் ஷீட்லதான் (ரெண்டு மெல்லிசு அலுமினியத் தகடுக்கு நடுவுல பிளாஸ்டிக் வெச்சது) ஒட்டறேன். ஒட்டிட்டா பிரிக்க முடியாது, அதனால ஃபைல் கையில இருந்து திரும்ப எடுக்கக்கூடிய பிரிண்ட்டுக்கு மட்டும்தான் இது.

*

தம்பி, வீட்டோட வெளிச்சுவர்ல உள்பக்கமா மாட்டறதா இருந்தா ஃப்ரேமோட கீழ் மூலை ரெண்டுலயும் ரப்பர் பொட்டு ஒட்டிடுங்க, பின்னாடி காத்து போகணும். எங்க வீட்டுல ஒரே மாதிரி செஞ்ச ரெண்டு ஃப்ரேம்ல வெளிச்சுவர்ல இருந்தது மட்டும்தான் நெளிஞ்சுது.