லெவன் பிளஸ்: இயர் 5 பாதியில் தொடங்கினால் நேரம் போதுமா?

குரொய்டன்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் இயர் 5, அதாவது பிரைமரியின் கடைசிக்கு முந்தைய வருடம் படிக்கிறாள். வருகிற செப்டம்பரில், தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற தெற்கு லண்டன் சட்டன் பக்கத்து அரசு கிராமர் பள்ளிகளுக்கான லெவன் பிளஸ் நுழைவுத்தேர்வை எழுத வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் ஜனவரி முழுக்கப் பேசிப் பேசி இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நான்சச், வாலிங்டன் ஹை இரண்டையும்தான் மனதில் வைத்திருக்கிறோம். கணக்கு அவளுக்குப் பிரச்சினையே இல்லை, இவர் உட்கார்ந்து சொல்லித் தருகிறார், அவளும் ஆசையாகப் போடுகிறாள். இங்கிலீஷ்தான் உதைக்கிறது. புத்தகம் படிப்பாள், படித்த கதையைப் பாட்டிக்குத் தமிழில் அழகாகச் சொல்லவும் செய்வாள், ஆனால் பயிற்சித் தாளில் காம்ப்ரிஹென்ஷன் (பத்தியைப் படித்து விடை சொல்வது) வந்தால் பாதிக் கேள்வியிலேயே நேரம் முடிந்துவிடுகிறது.

தெரிந்தவர்கள் எல்லாரும் இயர் 3இலேயே டியூஷனில் சேர்த்துவிட்டார்களாம். கோயிலில் பார்த்த ஒரு அக்கா "இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேட்ட கேட்பில் அன்றைக்குத் தூக்கமே போச்சு.

ஒரு டியூட்டர் மணிக்கு 45 பவுண்ட் கேட்கிறார், வாரம் இரண்டு வகுப்பு கட்டாயம் என்கிறார். இன்னொரு சென்டரில் வெர்பல் ரீசனிங், நான்-வெர்பல் ரீசனிங் (சொல்லையும் படத்தையும் வைத்து யோசிக்கிற கேள்விகள்) எல்லாம் சேர்த்து செப்டம்பர் வரைக்கும் ஒரே பேக்கேஜ். எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல ஆளில்லை. இன்னொன்று, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், வீட்டில் முழுக்கத் தமிழ். தேர்வு முடியும்வரை பிள்ளையோடு இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்கிறார் அந்த டியூட்டர். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நல்லூரான்

தங்கச்சி, முதலில் அந்தப் பேக்கேஜுக்குக் காசு கட்டாமல் கொஞ்சம் பொறுங்கோ. இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று. சட்டனில் முதல் கட்டமாக வைக்கிற செட் என்கிற பொதுச் சோதனையில் கணிதமும் ஆங்கிலமும் மட்டும்தான், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து குறிக்கிற முறை. ரீசனிங் அதில் இல்லை. அதில் தேறின பிள்ளைகளுக்குத்தான் இரண்டாம் கட்டம். நீங்கள் சொல்கிற இரண்டு பெண்கள் பள்ளிக்கும் அந்த இரண்டாம் கட்டம் பொதுவானது, அங்கே பிள்ளை கையால் எழுதவும் வேண்டும். எங்கள் மூத்தவள் அந்த வழியால் போனவள்தான். ஆகவே லண்டனுக்குப் பக்கத்துக் கென்ட் பகுதியிலும் எழுதுகிற எண்ணம் இல்லையென்றால் நான்-வெர்பல் ரீசனிங்குக்கு மாசா மாசம் காசு கட்டுவது வீண். ஆனால் முறை இடைக்கிடை மாறும், நான் சொன்னேன் என்று விடாமல் இந்த வருடத்துக்குரிய விதியைப் பள்ளி இணையத்தளத்தில் ஒருக்கால் வாசியுங்கோ. சென்டர்காரர் பல பேர் எல்லாப் பகுதிக்கும் சேர்த்து ஒரே பாடத்தை நடத்திப் பழகிவிட்டார்கள், எந்தப் பள்ளி என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

மற்றது இந்தத் தமிழ் பேசாதே என்கிற கதை. இதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன், கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. அம்மம்மாவோ அப்பம்மாவோ பிள்ளையோடு கதைப்பதை நிறுத்திப்போட்டு, நாங்கள் எங்களுடைய இங்கிலீஷில் "கம், ஈட், கோ டு பெட்" என்று சொன்னால் பிள்ளைக்கு எந்தப் புதுச் சொல் வந்து சேரும்? பிள்ளைக்குக் குறைவது வேறு இடத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு ஃபோட்டோசிந்தசிஸ் தெரியும், அதைப் பள்ளியில் படிப்பிக்கிறார்கள். லேடில் தெரியாது, ஏனென்றால் வீட்டில் அது அகப்பை. கதவுக் கீலுக்கு ஹின்ஜ், கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குக் கட்டர், செடி வேலிக்கு ஹெட்ஜ், பரணுக்கு ஆட்டிக், துணி மடிப்பு ஓரத்துக்கு ஹெம் இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளை தன் பாட்டி வீட்டில் காதால் கேட்டு வளர்கிற சொற்கள், பழைய கதைப் பந்தி ஒன்று வந்தால் வரிக்கு வரி நிற்கும். என்ன செய்தோம் என்றால், வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் நடந்து நடந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல வைத்தோம், இரண்டு பாஷையிலும். அப்பம்மாவும் கூட நடந்தா. அவவுக்கும் பொழுது போனது.

இயர்5_டீச்சர்

நான் ஒரு பிரைமரி பள்ளியில் வேலை செய்கிறேன். அரசுப் பிரைமரிகளில் இந்தத் தேர்வுக்கென்று தனியாகத் தயார் செய்வது வழக்கமில்லை, அதனால் வகுப்பு டீச்சரிடம் பயிற்சித் தாள் கேட்காதீர்கள். ஆனால் இங்கிலீஷில் வகுப்பில் எங்கே நிற்கிறாள், எழுத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

நேரம் போதாமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் நேரம் போகிறது என்று ஒரு தாளைப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேர் பத்தியை ஒரு தடவை படித்துவிட்டு, முதல் கேள்விக்கு வந்ததும் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படியே. கேள்வியில் வரி எண் கொடுத்திருந்தால் அந்த வரிக்கும் அதற்கு மேல் கீழ் இரண்டு வரிக்கும் மட்டும் போக வேண்டும் என்பதை யாராவது காட்டித்தர வேண்டும், அவ்வளவுதான். இது ஒரு வாரத்தில் பழகிவிடுகிற விஷயம், இதற்கு 45 பவுண்ட் வேண்டாம்.

படிக்கும் வேகமே குறைவு என்றால் அதற்கு வேறு மருந்து. தினமும் இருபது நிமிடம், அவளுக்குப் பிடித்தது ஒன்று, அப்புறம் அவள் தானாக எடுக்கமாட்டாத ஒன்று: குழந்தைகளுக்கான வாராந்தரச் செய்தித்தாள், நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் கதை ஏதாவது. கவுன்சில் லைப்ரரியில் இலவசமாகவே கிடைக்கும். பழைய கதைகள் முக்கியம், ஏனென்றால் காப்புரிமை முடிந்த பத்திகளைத் தேர்வுத் தாளில் போடுவது சுலபம், அடிக்கடி அவைதான் வருகின்றன. நீளமான வாக்கியமும் பழைய சொல்லும் முதல் முறையாகத் தேர்வு ஹாலில் கண்ணில் படக் கூடாது.

இன்னொன்று, விடைத்தாள். கேள்வித்தாள் தனி, மெஷின் படிக்கிற விடைத்தாள் தனி, பென்சிலால் கட்டத்துக்குள் கோடு போட வேண்டும். 17ஆம் கேள்வி தெரியவில்லை என்று விட்டுவிட்டு 18இன் விடையை 17க்கான கட்டத்தில் போட்ட பிள்ளை, கடைசி வரைக்கும் ஒரு வரி தள்ளியே போட்டுக்கொண்டு போகும். தெரியாத கேள்விக்கும் ஒரு கோடு போட்டுவிட்டுக் கேள்வித்தாளில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரித் தேர்வுகளில் தப்பான விடைக்கு மார்க் குறைப்பது வழக்கமில்லை, அதனால் காலியாக விடுவதில் லாபமே கிடையாது. இந்த மாதிரித் தேர்வுத் தாள்களைத் தயாரிக்கிற ஜிஎல் நிறுவனம் தன் இணையதளத்தில் மாதிரித் தாள்களை விடைத்தாளோடு இலவசமாகவே போட்டிருக்கிறது, அதை அச்செடுங்கள். சிஜிபி, பாண்ட் பயிற்சிப் புத்தகங்கள் போதும், மூட்டை மூட்டையாக வாங்க வேண்டாம்.

மகள் எந்த மாதம் பிறந்தவள்? கோடையில் பிறந்திருந்தால் பயப்பட வேண்டாம். மதிப்பெண்ணை வயதுக்கு ஏற்றபடி சரிசெய்துதான் கணக்கிடுகிறார்கள்.

டார்ட்ஃபோர்ட்_அப்பா

நல்லூரான் அண்ணா சொன்னதோடு கென்ட் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" கென்ட் டெஸ்டும் எழுதவைக்கிறார்கள். அது வேறு மாதிரி. முதல் தாளில் இங்கிலீஷும் கணக்கும், ஒவ்வொன்றுக்கும் முதலில் ஐந்து நிமிடப் பயிற்சி, பிறகு 25 நிமிடத் தேர்வு. இரண்டாவது தாள் ரீசனிங், அதில் வெர்பல், நான்-வெர்பல், ஸ்பேஷியல் (உருவங்களை மனதில் திருப்பி மடித்துப் பார்ப்பது) மூன்றும் உண்டு. அது போக 40 நிமிடம் ஒரு எழுத்து வேலை. அதற்கு மார்க் கிடையாது, எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளின் விஷயத்தைத் தலைமையாசிரியர்கள் குழு பார்க்கும்போது எடுத்துப் பார்ப்பார்கள். பதிவு ஜூன் தொடக்கத்தில் திறந்து ஜூலை தொடக்கத்தில் மூடும், ஒரு நாள் தவறினாலும் செப்டம்பரில் உட்கார முடியாது.

ஆனால் பாஸ் ஆனால் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கென்ட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை கிராமருக்குத் தகுதி பெறும்படிதான் அந்த ஏற்பாடே இருக்கிறது, தகுதி பெற்ற பிறகு பள்ளியின் விதியும் வீட்டுத் தூரமும்தான் பேசும். குரொய்டனிலிருந்து எழுதி பாஸான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி இல்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பள்ளி போன வருடம் எவ்வளவு தூரம் வரைக்கும் எடுத்தது என்று பாருங்கள். காலை ஏழு மணி ரயிலில் பதினோரு வயதுப் பிள்ளை தனியாகப் போய் வர முடியுமா என்று ஒரு திங்கட்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள். டியூட்டரிடம் கேட்டால் இதையெல்லாம் சொல்லமாட்டார், அவருக்குத் தேர்வோடு வேலை முடிந்தது.

ஹாரோ_அக்கா

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஊரில், இலங்கையில், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்றால் அம்மாமார் பிள்ளையோடு சேர்ந்து படிப்பார்கள், மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் வீட்டில் செத்த வீடு மாதிரி இருக்கும். அந்தப் பயத்தை நாங்கள் பெட்டியில் வைத்து லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டோம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அரசு கிராமர் பள்ளி என்ற ஒன்றே இல்லை, அங்கே பிள்ளைகள் டாக்டராகவில்லையா? இங்கிலாந்திலும் 1998 சட்டத்துக்குப் பிறகு புதுக் கிராமர் பள்ளி திறக்க முடியாது, ஆனால் எழுத வருகிற பிள்ளைகள் குறையவில்லை. அதனால்தான் இந்த நெருக்கடி. பிள்ளையின் மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

என் மகன் எழுதவில்லை. தேர்வில்லாமல் எல்லாரையும் எடுக்கிற பக்கத்து கொம்ப்ரிஹென்சிவ் பள்ளிக்குத்தான் போனான், பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பரீட்சையை நன்றாகச் செய்தான், பிறகு இயர் 12க்கு ஒரு கிராமர் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. இது பல பேருக்குத் தெரியாது: சிக்ஸ்த் ஃபோர்முக்கு (இயர் 12, 13) வெளியிலிருந்து பிள்ளைகளை ஜிசிஎஸ்இ பெறுபேற்றைப் பார்த்து எடுக்கிறார்கள். பத்து வயதில் மூடின கதவு பதினாறில் திறக்கும்.

எழுத வைக்காதே என்று சொல்லவில்லை. ஆனால் சனி ஞாயிறு நடனம், நீச்சல், தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மொக் டெஸ்ட் மொக் டெஸ்ட் (ஒத்திகைத் தேர்வு) என்று இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஓகஸ்ட் மாதமே வெறுத்துவிடும்.

நல்லூரான்

ஹாரோ அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி, மொக் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒன்றோ இரண்டோ கட்டாயம் வேண்டும், மார்க்குக்காக இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு தெரியாத ஹோலில் போய் உட்கார்ந்து, ஆரோ ஒரு மனுசி மைக்கில் "பென்சிலைக் கீழே வையுங்கள்" என்று சொல்ல, பக்கத்துப் பிள்ளை அழுதுகொண்டிருக்க, தன்பாட்டில் எழுதிப் பழக வேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைப் பழக்க ஏலாது.

குரொய்டன்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், மாமியாரிடம் அகப்பை கதையைச் சொன்னதும் இன்றைக்கே பரணைக் காட்டக் கிளம்பிவிட்டார். டீச்சர், மகள் ஜூலையில் பிறந்தவள், அந்த மட்டில் நிம்மதி.

கடைசியாக ஒரு சந்தேகம். பள்ளி இடத்துக்கு விண்ணப்பிக்கிற கவுன்சில் படிவத்தில் முதலில் கிராமர் பள்ளியைப் போட்டால் பக்கத்துப் பள்ளி "நம்மை ரெண்டாவதாகத்தானே போட்டிருக்கிறார்கள்" என்று கழித்துவிடும், அதனால் நிச்சயமாகக் கிடைப்பதை முதலில் போடு என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? அப்புறம் பிரைமரி முடிகிறபோது மே மாதத்தில் எழுதுகிற சாட்ஸ் என்ற அரசுத் தேர்வு மார்க்கையும் பார்ப்பார்களா?

டார்ட்ஃபோர்ட்_அப்பா

இரண்டுமே இல்லை. நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி தனியாக வரிசைப்படுத்தும், இடம் கிடைக்கிற பள்ளிகளில் உங்கள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதை மட்டும் கவுன்சில் உங்களுக்குக் கொடுக்கும். ஆகவே நிஜமாகவே எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். பக்கத்துப் பள்ளியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும், கிராமரில் தேறியிருந்தாலும் பயன் இல்லை. லண்டனில் ஆறு பள்ளி எழுதலாம், அதில் ஒன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய பள்ளியாக இருக்கட்டும். ஆறையும் கிராமராக நிரப்பாதீர்கள்.

சாட்ஸ் இயர் 6 மே மாதத்தில் வருகிறது, பள்ளி இடம் மார்ச் 1ஆம் தேதியே சொல்லிவிடுவார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள்: தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு, கவுன்சில் படிவம் வேறு. சட்டன் பள்ளிகளுக்கான பதிவு மே மாதத்தில் திறப்பது வழக்கம், அதை அந்தப் பள்ளிகளின் இணையதளத்தில் செய்ய வேண்டும். கவுன்சில் படிவம் அக்டோபர் 31க்குள், பள்ளி சட்டனில் இருந்தாலும் உங்கள் குரொய்டன் கவுன்சிலுக்கே அனுப்ப வேண்டும். தேர்வு முடிவை அந்தத் தேதிக்கு முன்னால் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி, அதனால் மார்க்கைப் பார்த்த பிறகு பட்டியலை மாற்றிக்கொள்ளலாம்.

இயர்5_டீச்சர்

ஜூலையா, நல்லது. அந்த ஒரு தாளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எங்கே நிற்கிறாள் என்று எழுதுங்கள், அடுத்து எதை எடுப்பது என்று சொல்கிறேன். எழுதும்போது முதல் பத்து நிமிடத்தில் எத்தனையாவது கேள்வியில் இருந்தாள் என்பதையும் குறித்து வையுங்கள்.