அக்சியோவுக்கு வீட்டிலேயே எஞ்சின் ஒயில், ஃபில்டர் மாற்றுவது எப்படி?

வெள்ளவத்தைவாசி

வணக்கம். கார் டொயோட்டா அக்சியோ 141, 1500 சிசி, 1என்சட் எஞ்சின், சிவிடி கியர். ஓட்டம் பெரும்பாலும் காலி வீதி நெரிசலுக்குள்தான், ஒருமுறைக்கு 4, 5 கிலோமீற்றர். அடுத்த ஒயில் மாற்றத்தை நானே செய்ய யோசிக்கிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆனால் காருக்குக் கீழே படுத்து வேலை செய்தது கிடையாது.

எத்தனை லீற்றர் போகும்? கடையில் கொழும்புச் சூட்டுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயில்தான் நல்லது என்கிறார்கள், உண்மையா? ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா? பழைய ஒயிலை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொக்கட்செட்

ஃபில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர். ஃபில்டரைத் தொடாவிட்டால் 3.4. ஆகவே 4 லீற்றர் கேன் ஒன்று போதும், ஆனால் கேனை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். மிச்சம் 300 மில்லிலீற்றரை மூடி வைத்தால் இடையில் குறையும்போது ஊற்ற உதவும்.

வாங்க வேண்டியவை: ஒயில், ஃபில்டர் (டொயோட்டா இலக்கம் 90915-10003), சம்ப் நட்டுக்கு, அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் இறக்கும் நட்டுக்குப் புது வொஷர் (90430-12031). கருவி என்று பார்த்தால் 14 மி.மீ. ரிங் ஸ்பானர் அல்லது சொக்கட், 65 மி.மீ. 14 பக்க ஃபில்டர் கப், 5 லீற்றராவது பிடிக்கிற தட்டையான பேசின், புனல், நைட்ரைல் கையுறை. ஃபில்டர் கப்பைக் கடையிலேயே புது ஃபில்டரின் தலையில் போட்டுப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், வழுக்கி ஃபில்டரின் விளிம்பைத் தின்றுவிடும்.

இனி ஜாக். டிக்கிக்குள் கிடக்கும் கத்தரி ஜாக் டயர் மாற்ற மட்டும். அதை நம்பிக் காருக்குக் கீழே தலையை வைக்கவே கூடாது. சீமெந்துக் கல், செங்கல் அடுக்குவதும் அப்படித்தான். சீமெந்துக் கல் பாரத்தில் மெல்ல வளைந்து எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் உடையும். ட்ரொலி ஜாக்கால் முன்பக்கத்தைத் தூக்கி, 2 தொன் ஸ்டான்ட் இரண்டைக் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் வெட்டுக் குறி போட்ட இடங்களில் வையுங்கள். ஹான்ட் பிரேக், கியர் ‘பி’யில், பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. கீழே போகுமுன் காரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். தரை மட்டமான கொங்கிரீட்டாக இருக்க வேண்டும். தார் வெயிலில் இளகி ஸ்டான்டின் கால் புதையும்.

தூக்குவதற்கு முன் எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி 10 நிமிடம் பொறுங்கள். இளஞ்சூட்டில் ஒயில் வேகமாக வழியும், அழுக்கும் சேர்ந்து வரும். நீண்ட ஓட்டம் ஓடி வந்த உடனே கழற்றினால் கை வெந்துவிடும், பக்கத்தில் உள்ள புகைக்குழாயும் சுடும். மேலே ஒயில் மூடியையும் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போனால்தான் சீராக ஓடும்.

கீழ்க்கவசம் இருந்தால் கழற்றிவிட்டு சம்ப் நட்டைத் தேடுங்கள். இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. சிவிடி பெட்டியின் அடியிலும் ஒயில் இறக்கும் நட் ஒன்று இருக்கிறது. எஞ்சினுடையது 14 மி.மீ. வெளித்தலை உள்ளது. சிவிடியினுடையது உள்ளே அறுகோணக் குழி உள்ளது, அலன் கீயால் கழற்றுவது. அலன் கீ தேவைப்பட்டால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள். தெரியாமல் சிவிடி ஒயிலை இறக்கிவிட்டு எஞ்சினுக்கு மேலால் 3.7 லீற்றர் ஊற்றினால், ஒரே நேரத்தில் கியர் பெட்டி காயும், எஞ்சின் நிரம்பி வழியும். கார் சில கிலோமீற்றர் கூடத் தாங்காது.

நட்டைத் தளர்த்தியதும் கடைசிப் புரிகளைக் கையால், மேல்நோக்கி அழுத்தியபடியே திருப்புங்கள். வெளியே வந்ததும் சட்டென்று கையை இழுங்கள். ஒயில் முதலில் நேராகக் கீழே விழாது, ஒரு சாண் தள்ளிப் பாயும். பேசினை அதற்கேற்றபடி வையுங்கள். 15 நிமிடம் வடியட்டும்.

ஃபில்டரைக் கழற்றும்போதும் ஒரு கோப்பை அளவு ஒயில் கொட்டும். கழற்றியவுடன் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். வராமல் எஞ்சின் முகத்தில் ஒட்டியிருந்து, அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். தொடக்கத்தில் ஒழுகாது. எஞ்சின் வேகமெடுத்து ஒயில் அழுத்தம் ஏறும்போது உள் ரப்பர் பிதுங்கி, சில நிமிடத்தில் முழு ஒயிலும் வீதியில் இருக்கும். துணியால் முகத்தைத் துடைத்து, விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

புது ஃபில்டரின் ரப்பரில் புது ஒயில் பூசுங்கள். கையால் திருப்பி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான், கப் போட்டு முறுக்க வேண்டாம். சம்ப் நட்டைப் புது வொஷரோடு பூட்டி 37 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். டோர்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இல்லாவிட்டால் குட்டை ஸ்பானரால் வொஷர் நசுங்குவது கையில் தெரியும்வரை முறுக்கி, அதற்குமேல் சிறிதளவு. நீளக் குழாய் செருகி இழுக்காதீர்கள்.

காரை இறக்கி மட்டமாக நிறுத்தி, முதலில் 3.4 லீற்றர் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்தால் ஒயில் விளக்கு சில நொடி எரிந்து அணையும். அதுவரை அக்ஸலரேட்டரில் கால் வைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓடியபின் நிறுத்தி, நட்டையும் ஃபில்டரையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மேல் குறிவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் குறியைத் தாண்ட விடாதீர்கள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலுக்குள் அடித்து நுரையாக்கிவிடும், பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கும்.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்

20டபிள்யூ-50 பற்றிச் சொல்கிறேன், இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது. கொழும்பில் வெளியே 30 பாகை இருந்தாலும், எஞ்சினுக்குள் ஒயிலின் சூட்டைத் தீர்மானிப்பது தேர்மோஸ்டாட்டும் ஓட்டமும்தான். குளிர்நாட்டிலும் சூடேறிய எஞ்சின் ஏறக்குறைய இதே சூட்டில்தான் ஓடுகிறது. இந்த எஞ்சினின் இடைவெளிகளும் விவிடி அமைப்பும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது) மெல்லிய ஒயிலுக்காகச் செய்யப்பட்டவை. தடித்த ஒயில் போட்டால் மேல்பக்கம் வால்வுகளைத் திறக்கும் கெம் தண்டு வரைக்கும் ஏறத் தாமதம், பெற்றோல் செலவும் கூடும்.

5டபிள்யூ-30 போடுங்கள். 0டபிள்யூ-20 உம் உற்பத்தியாளர் அனுமதித்ததுதான். வயதான எஞ்சினாக இருந்து ஒயில் குடித்தால் 10டபிள்யூ-30 போட்டுப் பார்க்கலாம். கேனின் பின்பக்கம் ஏபிஐ தரக் குறி எஸ்பி அல்லது எஸ்என் என்று இருக்க வேண்டும். எஸ்பி 2020இல் வந்த தரம். சிஐ-4 என்று மட்டும் போட்டிருந்தால் அது டீசலுக்கானது, விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

உங்கள் ஓட்டம் எஞ்சினுக்குக் கடினமான ஓட்டம். 4 கிலோமீற்றரில் ஒயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. எரிந்த பெற்றோலில் பிறக்கும் நீராவி ஆவியாகிப் போகாமல் ஒயிலிலேயே தங்கும், பெற்றோலும் கலக்கும். மூடியின் அடியில் வெண்பாலாடை போலப் படிவது அதனால்தான். நெரிசலில் ஓடிய கிலோமீற்றரும் அதிகம் ஏறாது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே 5000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். கேனில் 10,000 என்று எழுதியிருப்பதை உங்கள் ஓட்டத்துக்கு எடுக்க முடியாது.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். புது ஒயிலில் பழைய ஃபில்டரின் அழுக்கு ஒயில் 300 மில்லிலீற்றர் கலந்தால் மாற்றியதில் பாதி வீண். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஃபில்டரை வெளியே எடுங்கள். சுற்றியுள்ள சிறு துளைகளுக்குள் ரப்பர் மடல் ஒன்று தெரிய வேண்டும். எஞ்சின் நின்றபின் ஒயில் திரும்பி வடியாமல் தடுப்பது அது. போலியில் கடினமாக இருக்கும், விரல் நுனியால் அழுத்தினால் வளையாது. அதன் விளைவாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கரகரக்கும். இன்னொன்று, ஹொண்டா ஃபில்டர் உருவத்தில் ஒத்திருந்தாலும் புரி வேறு. அது 20 மி.மீ. புரி, டொயோட்டா முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. தளர்வாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு கழன்று வரும்.

மேல்வழி

ஜாக் பயம் இருந்தால் டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சும் பம்ப் இருக்கிறதே. அபார்ட்மென்ட் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அதுதான் சுத்தம். குழாய் அடிமட்டத்தைத் தொட்டதும் மிகச் சிறிது உயர்த்தி, கோணத்தை மாற்றி மாற்றி உறிஞ்ச வேண்டும். எடுத்த அளவைக் குறித்த போத்தலில் அளந்து பாருங்கள்.

சொக்கட்செட்

அளந்து பார்ப்பது நல்ல பழக்கம், எந்த முறையானாலும் செய்யுங்கள். போன தடவை 3.7 ஊற்றி இப்போது 3.1 தான் வந்தால், ஒழுகலும் இல்லாவிட்டால், எஞ்சின் ஒயில் எரிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்தக் காரில் ஃபில்டருக்குக் கீழிருந்துதான் கை போகும். எப்படியும் படுக்க வேண்டியவர் சம்ப் நட்டையும் கழற்றட்டும். அடியில் படிந்த கசடு நட் வழியாகத்தான் முழுதாக வரும். உள்ளே உலோகத் துகள் மினுங்குகிறதா என்பதையும் நட்டின் நுனியிலும் பேசினிலும்தான் காணலாம். அபார்ட்மென்ட் தரிப்பிடம் என்றால் நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். மூடிய நிலக்கீழ்த் தளத்தில் எஞ்சினைச் சூடேற்றவும் கூடாது, கார்பன் மொனொக்சைட் மணமின்றிச் சேரும். வெளியே ஒரு சுற்று ஓடி வந்து நிறுத்துங்கள்.

வெள்ளவத்தைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கீழே எட்டிப் பார்த்தேன், சம்ப் நட்டின் தலை ஏற்கெனவே கொஞ்சம் உருண்டிருக்கிறது. முந்திய சேர்விஸில் ஏர் கன்னால் இறுக்கியிருப்பார்கள் போல. எப்படிக் கழற்றுவது?

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்

12 பக்க ரிங் ஸ்பானர் போடாதீர்கள், மிச்சமுள்ள மூலையையும் உருட்டிவிடும். 6 பக்க 14 மி.மீ. சொக்கட்டைத் தட்டி முழுதாக உட்கார வைத்து, நீளக் கைப்பிடியால் ஒரே சீராக இழுங்கள். திசையைக் கவனியுங்கள், கீழே படுத்திருக்கும்போது இடம் வலம் குழம்பும். நட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழி. அசையாவிட்டால் நிறுத்திவிட்டு கராஜுக்குக் கொண்டுபோங்கள். ஒயிலை இறக்காதவரை கார் ஓடும், அங்கே போய்ச் சேரலாம்.

கழற்ற முடிந்தால் அந்த நட்டைத் திரும்பப் போட வேண்டாம். புது நட் வாங்கி முன்கூட்டியே வைத்திருங்கள், புரியின் விட்டம் 12 மி.மீ., புரி இடைவெளி 1.25 மி.மீ. புது நட் கையாலேயே கடைசிவரை இலகுவாகப் போக வேண்டும். இடையில் இறுகினால் சம்பின் புரி கெட்டிருக்கிறது. அதை மீறி ஸ்பானரால் ஏற்றினால் சம்பையே மாற்ற நேரிடும். அப்படி இருந்தால் உள்ளே புதுப்புரிச் செருகி போடச் சொல்லிக் கேளுங்கள். தானே புரி வெட்டும் பெரிய நட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஒவ்வொரு தடவையும் இரும்புத் தூள் உதிரும்.

கால்வாய்க்கரை

கழிவு ஒயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காணில் ஊற்றினால் அது மழைநீரோடு வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போய் அங்கிருந்து நேரே கடலுக்கு. மண்ணில் ஊற்றுவதும், கறையானுக்கு என்று வேலிக் கட்டைக்குப் பூசுவதும் கெடுதிதான். பழைய ஒயிலில் எரிந்த எச்சமும் உலோகமும் இருக்கின்றன, தோலில் திரும்பத் திரும்பப் படுவது புற்றுநோய் ஆபத்து. கையுறை அதற்காகத்தான்.

வடித்ததை ஒயில் வந்த கேனிலேயே ஊற்றி இறுக மூடுங்கள். தண்ணீர், கூலன்ட், பிரேக் ஒயில் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்ததை எடுக்கமாட்டார்கள். பிறகு பெரிய சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் கொடுங்கள். அவர்களிடம் கழிவு ஒயில் பீப்பாய் இருக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் வெளியாரிடம் வாங்குவதில்லை. பழைய ஃபில்டரின் வாயைக் கீழே கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு, பையில் கட்டி அதே இடத்தில் கொடுக்கலாம். தரையில் சிந்தியதற்கு மரத்தூள் போட்டுக் காலால் தேய்த்து, ஊறியபின் கூட்டுங்கள். முதலில் தண்ணீர் அடித்தால் பரவும்.

சொக்கட்செட்

இன்னொன்று. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுமுன் காருக்குக் கீழே ஒரு வெள்ளைக் காட்போட் போட்டு வைத்துப் பாருங்கள். துளி விழுந்திருந்தால் நட்டா ஃபில்டரா என்று அது விழுந்த இடமே காட்டும். கீழ்க்கவசத்தை அதன் பிறகு பூட்டினால் போதும், முதல் நாளே பூட்டினால் ஒழுகல் அதற்குள் தேங்கி மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கையும் அப்போதே ஒருமுறை பாருங்கள். இரவெல்லாம் வடிந்து இறங்கிய அந்த அளவுதான் சரியான அளவு.