புதுப்பிப்பு: சுமையோடு நடக்கையில் செயற்கைக்கால் தளரும் பிரச்சினை தீர்ந்தது

முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தபின் படைப்பணிக்குத் திரும்பப் பயிற்சி எடுக்கிறேன், முதுகுச்சுமையோடு ஒரு மணி நேரம் நடந்தால் சாக்கெட் (செயற்கைக்காலில் மிச்சக் கால் பொருந்தும் குழிவான பகுதி) தளர்ந்து தோல் உரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது காலுறை யோசனைதான். நடக்க நடக்க வெட்டுமுனை, அதாவது மிச்சமிருக்கும் கால், சுருங்குகிறது. அப்புறம் கால் உள்ளே இறங்கி எலும்பு முனையில் அடி விழுகிறது. இப்போது லேசாகத் தளர்ந்ததுமே நின்று, வெட்டுமுனையில் மெல்லிய காலுறை ஒன்றைக் கூடுதலாக மாட்டுகிறேன். புண் ஆறும்வரை பத்து நாள் ஊன்றுகோல்தான், எரிச்சலாக இருந்தது. லைனரை (வெட்டுமுனைமேல் மாட்டும் மெத்தென்ற உறை) இறுக்கமாக்கிப் பார்த்தேன், வேர்வைதான் கூடியது.

எதிர்பாராதது, நல்ல காலின் முட்டிவலி. எடையெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. இடுப்புத் தசைப் பயிற்சிக்குப் பிறகு பரவாயில்லை.

1931-இல் இரு கால்களையும் இழந்த பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் 1939-இல் விமானப்படைக்குத் திரும்பியதை ஒருவர் நினைவூட்டினார். சரி, அவர் உட்கார்ந்து ஓட்டினார், நான் நடக்கணுமே!

சுமை நடையில் தேறிவிட்டேன். மருத்துவக் குழு பயிற்றுநர் பணிக்கு அனுமதித்திருக்கிறது. ஓட்டத் தேர்வு இன்னும் பாக்கி.