வெட்ஜில் அடித்த பந்து கிரீனில் நிற்காமல் ஓடுகிறது, என்ன செய்யலாம்?

காலை ஆட்டக்காரன்:
கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 80 யார்டிலிருந்து வெட்ஜில் (முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை) அடித்தால் பந்து கிரீனில்தான் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) விழுகிறது, ஆனால் நிற்காமல் பின்பக்கப் புல்லுக்குள் ஓடிவிடுகிறது. டிவியில் அவர்கள் அடித்தால் பின்னால் உருண்டு வருகிறது! நானும் பந்துக்கு அடியில் மட்டையை விட்டுத் தூக்கித்தான் அடிக்கிறேன்.

பழைய கேடி:
என்ன பந்து தம்பி? எத்தனை மணிக்கு ஆடுகிறீர்கள்? மட்டையைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

காலை ஆட்டக்காரன்:
மலிவான இரண்டடுக்குப் பந்து, கல் மாதிரி இருக்கும். காலை ஆறு மணிக்கு. துடைப்பதா...?

பழைய கேடி:
சரிதான். பந்தை நிறுத்துவது பின்னோக்கிய சுழற்சி. மட்டை முகம் பந்தைப் பிடித்தால்தான் அந்தச் சுழற்சி. நடுவில் பனி ஈரமும் புல்லும் புகுந்தால் பந்து வழுக்கிவிடும். முகத்தில் இருக்கும் கோடுகள் அந்த ஈரத்துக்கு வழிவிடத்தான். உங்களுடையதில் மண் அடைத்திருக்கும். ஒவ்வொரு அடிக்கு முன்னும் துண்டால் துடையுங்கள். பந்தையும் மாற்றுங்கள். யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட பந்து வாங்குங்கள். அந்த உறை மென்மையானது, வெட்ஜில் நன்றாகப் பிடிக்கும்.

இயற்பியல் வாத்தியார்:
தூக்கி அடிப்பதை விடுங்கள் சார். தூக்கும் வேலையை வெட்ஜின் சாய்வே செய்துவிடும். முதலில் பந்து, அப்புறம் தரை என்று மட்டை இறங்க வேண்டும். பின்சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளும், அதனால் பந்துக்கு மேல்நோக்கி விசை கிடைக்கும். 1852-இல் ஆராய்ந்தவர் பெயரால் இது மேக்னஸ் விளைவு. பந்து செங்குத்தாக இறங்கும், தரை தொட்டதும் அந்தச் சுழற்சியே பிரேக். தொழில்முறை ஆட்டக்காரர்களின் வெட்ஜில் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் போகும். தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையில் சுமார் 2,500 போதும். அங்கே அதிகமானால் பந்து மேலே எழும்பித் தூரத்தை இழக்கும்.

காலை ஆட்டக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை துண்டும் புதுப் பந்துமாகப் போனேன். இரண்டு துள்ளல், நின்றுவிட்டது! பின்னால் மட்டும் வரவில்லை.

இயற்பியல் வாத்தியார்:
அதற்கு முழு வேகத்தில் அடிக்க வேண்டும், கிரீனும் ஒத்துழைக்க வேண்டும். 80 யார்டில் பாதி வீச்சுக்கு நின்றதே பெரிது.

காலை ஆட்டக்காரன்:
பந்தின் விலைதான் உறுத்துகிறது. இரண்டாவது குழியிலேயே ஒன்று குளத்துக்குள் போய்விட்டது.

பழைய கேடி:
குளம் இருக்கும் குழிக்குப் பழைய கல்லையே எடுங்கள் தம்பி. நம் ஆட்டத்தில் ஒரு குழி முடிந்ததும் பந்தை மாற்றிக்கொள்ளலாம்.