இரண்டு நாளில் நான்கு கோழிகள் இறந்துவிட்டன: பறவைக் காய்ச்சலாக இருக்குமோ?

நாங்குநேரிக்காரன்: வணக்கம். நேற்றும் இன்றுமாக நான்கு கோழிகள் இறந்துவிட்டன. மற்றவையும் தீனி எடுக்காமல் தூங்கி வழிகின்றன. ஆலப்புழையில் வந்த பறவைக் காய்ச்சல் இங்கும் வந்துவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் அஞ்சுகிறார்கள். என்ன மருந்து கொடுக்கலாம் என்று உடனே சொல்லுங்கள்.

பாளை மாடிவீடு: மொத்தம் எத்தனை கோழிகள், எச்சம் என்ன நிறம், கழுத்து திருகுகிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, அண்மையில் வெளியிலிருந்து ஏதேனும் வாங்கினீர்களா?

களக்காட்டு வாழைக்காரர்: இதில் ஐயமே வேண்டாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திற்கு வரும் வெளிநாட்டு வாத்துகள்தாம் காரணம்.

கூந்தன்குளத்தான்: அண்ணாச்சி, இது ஆனி மாதம். வரித்தலை வாத்துகள் மங்கோலியாவுக்கும் திபெத்துக்கும் திரும்பி வெகுநாளாகிறது. எங்கள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதையும், அவற்றின் எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்குப் பாய்வதையும் தலைமுறைகளாகப் பார்த்து வருகிறோம். எங்கள் கோழிகள் நலமாகவே இருக்கின்றன.

களக்காட்டு வாழைக்காரர்: வாத்து போனால் காகம் இல்லையா? 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கொத்துக் கொத்தாக இறந்ததை மறந்துவிட்டீர்களா?

கூந்தன்குளத்தான்: முதலில் வாத்து என்றீர்கள், இப்போது காகம் என்கிறீர்கள்; அடுத்து மயிலா?

பழைய பண்ணையாள்: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பறவைக் காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, கால் வராமல் கிடந்தால் பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்). முகம் வீங்கிக் கொண்டையும் தாடியும் நீலம் பாரித்துக் கூட்டமாகச் சாய்ந்தால் பறவைக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றைப் போலவே தோன்றக்கூடியவை என்பதால், மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பாமல் எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சலென்றால் போபாலில் உள்ள தேசிய கால்நடை நோய் ஆய்வகம்தான் உறுதி செய்யும். இறந்ததை அறுக்காமல், வாய்க்காலில் எறியாமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகு ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அம்பை நாட்டுக்கோழி: சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்து உருண்டையாகக் கொடுத்தால் கழிச்சல் நிற்கும். என் ஆச்சி கைமருந்து.

பழைய பண்ணையாள்: தீனியே எடுக்காத கோழி உருண்டையை எப்படி விழுங்கும்? குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தான லசோட்டா சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிராது.

அம்பை நாட்டுக்கோழி: ஊசி போட்டும் செத்த கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பண்ணையாள்: நோய் உடலில் ஏறிய பிறகு போட்டிருப்பார்கள். மருந்தைக் குளிரில் வைக்காமல் வெயிலில் தூக்கிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான் ஆகும்.

நாங்குநேரிக்காரன்: தாமதத்திற்கு மன்னிக்கவும். 19இல் 5 மட்டுமே மிச்சம், பச்சைக் கழிச்சல்தான். பிப்ரவரி தடுப்பூசி முகாமின்போது பிடிக்க ஆளில்லை என்று விட்டுவிட்டோம். போன வாரம் சந்தையில் வாங்கிய சேவல்தான் முதலில் சோர்ந்தது என்பதை எழுத மறந்துவிட்டேன். மருத்துவர் வந்து மாதிரி எடுத்துச் சென்றிருக்கிறார்.

பாளை மாடிவீடு: அந்தச் சேவலைப் புதைத்தீர்களா, அறுத்தீர்களா?