லா பொம்ப்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். 1934இல் பாரிசில் உருவான ஹாட் கிளப் ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஜாங்கோவின் கிதாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் முன்னணியில். ஜாங்கோவின் தம்பி ஜோசஃபும் ரோஜே ஷாப்பூவும் தாளக் கிதார். லூயி வோலா பாஸ். அந்தத் தாளக் கிதார்கள் வாசிக்கும் முறையைப் பிரெஞ்சில் லா பொம்ப் என்கிறார்கள். நேர்ப்பொருள் பம்பு. 'பம்ப் அடி', 'ஏற்றத் தாளம்' என்று இரண்டு யோசித்தேன். எது பொருந்தும்?

---

> பம்ப் அடி, ஏற்றத் தாளம்

ஏற்றம் அழகான சொல்தான், ஆனால் இசையில் அதைப் பார்த்ததும் சுருதி ஏறுவதாகவே படிப்பார்கள். 'அடி' வேறு வகையில் தவறு. அடிப்பது வலக்கை, இந்த வாசிப்பின் உயிர் இடக்கையில் இருக்கிறது.

1937 நவம்பரில் பதிவான 'மைனர் ஸ்விங்'கைக் கேளுங்கள். நான்கு எண்ணிக்கையில் 1, 3 சற்றே நீண்டு, தடித்த தந்திகள் பக்கம் ஒலிக்கும். 2, 4 எல்லாத் தந்திகளிலும் வெடுக்கென்று விழுந்து உடனே அறுபடும். டிரம்ஸ் இல்லாத குறையை நிரப்புவது அந்த அறுபடல்தான். அறுப்பது இடக்கை.

அந்தப் பாட்டின் ஏ மைனர் சிக்ஸ்த் என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். நடுவிரல் 6ஆம் தந்தியில் 5ஆம் கட்டை (ஃபிரெட்). அதன் நுனி 5ஆம் தந்தியைத் தொட்டு ஊமையாக்கும். சுட்டுவிரல் 4ஆம் தந்தியில் 4ஆம் கட்டை. மோதிரவிரல் படுத்தவாக்கில் 3, 2ஆம் தந்திகளில் 5ஆம் கட்டை; 1ஆம் தந்தியையும் அதே விரல் லேசாகத் தொட்டு அடக்கும். திறந்த தந்தி ஒன்றுகூட இல்லை. அதனால் பிடியைத் தளர்த்தினாலே மொத்த ஒலியும் நிற்கும். விரல் கட்டையிலிருந்து எழ வேண்டும், தந்தியை விட்டு எழக் கூடாது. முழுக்கத் தூக்கினால் தந்திகள் திறந்து முனகும். தளர்த்தாமலே விட்டால் இரண்டு கிதார்களும் குழம்பி பாஸை மூடிவிடும்.

அமுக்கு, விடு, அமுக்கு, விடு. கொல்லன் பட்டறைத் துருத்தி செய்வது இதைத்தான். என் பரிந்துரை: துருத்தித் தாளம்.

---

இரண்டு தடைகள்.

ஒன்று, 'துருத்து' என்ற வினை. 'துருத்திக்கொண்டு நிற்கிறது' என்பதுதான் இன்று பலருக்கும் முதலில் தோன்றும். பின்னணியில் அடங்கி நிற்கவேண்டிய வாசிப்புக்கு அது நேர் எதிர். இரண்டு, தாளம் என்றால் நமக்கு ஆதி, ரூபகம் போன்ற சுற்று. இது சுற்று அல்ல, மீட்டும் முறை.

மேல்மீட்டையும் மறக்க வேண்டாம். 1, 3க்குச் சற்று முன் மெல்லிய தந்திகளை உரசி மேலே வந்து, நிற்காமல் கீழே விழும் மீட்டு. தொடக்கநிலையினர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: அதற்குத் தனி எடை கொடுத்து அரை எண்ணிக்கை ஆக்கிவிடுகிறார்கள், நடை நொண்டுகிறது. முன்கையை மேற்பலகையில் அழுத்தி வைத்தாலும் கெடும். பலகை அதிராது, சத்தம் பாதியில் நிற்கும். மணிக்கட்டு வளைந்து தொங்க வேண்டும்.

---

இரண்டாவது தடை முழுக்க நியாயம். தாளத்தை விட்டுவிடலாம்: துருத்திமீட்டு.

முதல் தடைக்குப் பதில்: பெயர்ச்சொல்லாக, இன்னொரு பெயரோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் எழாது. 'துருத்திமீட்டுக் கிதார் இரண்டு' என்று எழுதிப் பாருங்கள், நிற்கிறது.

கட்டுரைக்கு மேலும் இரண்டு. மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்து 1932இல் செல்மர் நிறுவனம் வெளியிட்ட கிதாரின் ஒலித்துளை ஆங்கில டி எழுத்துபோலப் பெரியது. பின்னர் வந்தது சிறிய நீள்வட்டம். பிரெஞ்சுக்காரர்களே பெரிய வாய், சின்ன வாய் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே பெருவாய்க் கிதார், சிறுவாய்க் கிதார். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் உள்ள ஜாங்கோவின் 503ஆம் எண் செல்மர் சிறுவாய்.

ஜாங்கோவின் இசைவகைக்கு 'நாடோடி ஜாஸ்' என்ற பெயர் மட்டும் வேண்டாம். பிரெஞ்சில் அது மனூஷ் ஜாஸ்; மனூஷ் என்பது ஒரு மக்களின் பெயர், ஜாங்கோவின் மக்கள். நாடோடி என்றால் அது வாழ்க்கைமுறையாகச் சுருங்கி, அந்த மக்கள் காணாமல் போகிறார்கள். மனூஷ் ஜாஸ் என்றே இருக்கட்டும்.

---

ஏற்கிறேன். கட்டுரையில் இப்படிப் போடுகிறேன்:

துருத்திமீட்டு – மனூஷ் ஜாஸின் தாளக் கிதார் முறை. 1, 3 எண்ணிக்கை சற்று நீளும். 2, 4இல் இடக்கைப் பிடி தளர்ந்து ஒலி அறுபடும். 1, 3க்கு முன் விரைவான மேல்மீட்டு வரலாம்.

'வரலாம்' என்றது வேண்டுமென்றே. எல்லாரும் அதை வாசிப்பதில்லை. பிடி தளர்வது இல்லாமல்தான் துருத்திமீட்டு இல்லை.