சீகை மரம் பற்றிய பழைய கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் தேட வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரம் நடப்பட்டது பற்றியும், அது சோலைகளின் ஓரம் வரை பரவியது பற்றியும் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைக் கோத்தகிரியில் இருந்தபடியே ஜேஸ்டோர் என்னும் இணைய ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தேடித் தொகுத்து வருகிறேன்.

சீகையின் ஆங்கிலப் பெயரான 'வாட்டில்' என்று மட்டும் இட்டால் ஆஸ்திரேலியப் பறவைகளும் மண்சுவர் வீடுகளும் வந்து குவிகின்றன. சோலைக்காட்டைக் குறிக்கும் 'ஷோலா' என்பதன் கடைசியில், அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடித் தரும் நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் சோலாப்பூர் நெசவாலைகள் வரை போய்விடுகிறது. 'ஷோலா ஃபாரஸ்ட்' என்பதை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்து, நீலகிரியின் பெயரை 'ஆண்ட்' (இரண்டும் இருக்க வேண்டும் என்னும் கட்டளை) கொண்டு இணைத்த பிறகுதான் முடிவுகள் தெளிவாயின. ஆனால், இன்று அக்கேசியா மியர்ன்சி எனப்படும் இம்மரத்தைப் பழைய நூல்கள் பல அக்கேசியா மொல்லிசிமா என்றே குறிப்பதால், இரு பெயர்களையும் 'ஆர்' (ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்னும் கட்டளை) கொண்டு ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்க்காவிட்டால், நமக்கு மிகவும் தேவையான பழைய கட்டுரைகளே விடுபட்டுப் போகின்றன. ஊர்ப் பெயருக்கும் இதே நிலைதான்: ஊட்டி, ஊட்டகமண்ட், உதகமண்டலம் ஆகிய மூன்றையும் தர வேண்டியிருக்கிறது.

பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு ஆய்வுச் சுருக்கம் இல்லாததால், தேடலைச் சுருக்கத்துக்குள் மட்டும் நிறுத்த இயலவில்லை. முழு உரையில் தேடினாலோ போகிற போக்கில் பெயர் வந்த கட்டுரைகளெல்லாம் சேர்ந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் தேடலை எவ்வாறு அமைப்பது? இம்மரத்துக்கு வேறு பழைய தாவரவியல் பெயர்கள் உண்டா? நூலகப் பட்டியல்களில் இதற்குரிய பொருள் தலைப்பு எது? நூலகத்துறையிலும் வனத்துறையிலும் பணியாற்றும் உறுப்பினர்கள், தாங்கள் பயன்படுத்தும் தேடல் தொடரை அப்படியே இங்கு எழுதினால் பேருதவியாக இருக்கும்.